நெடுந்தீவுக்கு ஒரு விலாசம்

சுமித்திரா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது, முகாமைத்துவ பீடத்தில் முயற்சியாண்மை என்றொரு பாடம் இருந்தது. அதைச் சசிகரன் என்ற இளம் விரிவுரையாளர் எடுத்தார். பரீட்சைக்குப் பாதிப் புள்ளிதான். மீதிப் புள்ளிக்கு, மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சின்னத் தொழிலை உண்மையாகவே தொடங்கி, நான்கு மாதம் நடத்திக் காட்ட வேண்டும்.

"கடதாசியில எழுதித் தாற திட்டம் எனக்கு வேண்டாம்," என்று சசிகரன் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஆரோ ஒரு ஆள் உங்களிட்ட வந்து, இது எனக்கு வேணும் எண்டு கேட்க வேணும். அந்த ஆள் உங்கட சொந்தக்காரராயும் இருக்கக் கூடாது."

வகுப்பில் எல்லாரும் கேக், ரீசேட், வாசனைச் சவர்க்காரம் என்று யோசித்தார்கள். சுமித்திராவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய நெடுந்தீவுப் பிள்ளை. தகப்பன் குழந்தைவேலு இருபது மாடு வளர்ப்பவர். உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கவென்று வேலணைக்கு வந்து, ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, பல்கலைக்கழகம் போனவள். அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்து முடித்தால் ஒரு கந்தோரில் வேலை கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் அவளும் வீட்டாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவளுடைய சோடி பிரேமினி. கோண்டாவில்காரி, வாயும் கையும் வேகம். ஒரு வெள்ளிக்கிழமை பிரேமினி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுமித்திரா வாடகைக்கு இருந்த அறைக்கு வந்தாள். சுமித்திரா ஊருக்குப் போவதற்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பையில் அவளுடைய உடுப்பு. மற்ற மூன்று பைகளிலும் பாடசாலைச் சப்பாத்து இரண்டு சோடி, இன்சுலின் ஊசிகள், மிக்சியின் மூடிக்குப் போடும் றப்பர் வளையம், ஒரு கலியாணப் படச் சட்டகம்.

"இதெல்லாம் ஆருக்கு?"

"ஊர்ச் சனத்துக்கு. ஓடர் பண்ணினால் அங்க கொண்டுவந்து குடுக்க ஒருத்தரும் இல்லை. நெடுந்தீவு எண்டு விலாசம் சொன்னால் கூரியர்க்காரர் குறிகட்டுவான் படகுத்துறையில வந்து எடுங்கோ எண்டு சொல்லுவினம். அதுக்கு ஒரு நாள் போயிடும். படகு தவறினால் ரெண்டு நாள். அதுதான் நான் போகேக்கை என்னட்டச் சொல்லிவிடுறவை."

பிரேமினி பைகளைப் பார்த்தபடி கட்டிலில் இருந்தாள். "மூண்டு வருசமாய்க் காவுறீர்?"

"ஓம்."

"சும்மா?"

"பின்ன?"

"நாங்கள் தேடுற தொழில் இதுதான். நீர் அதை மூண்டு வருசமாய்ச் சும்மா செய்து கொண்டிருக்கிறீர்."

சுமித்திராவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு சாமான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கூலி கேட்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. இரண்டு வாரம் அதற்கு மறுத்தாள். வேறு யோசனை எதுவும் வராததாலும், பெயர் கொடுக்கும் கடைசித் திகதி நெருங்கியதாலும்தான் சம்மதித்தாள்.

ஏற்பாடு எளியது. நெடுந்தீவில் யார் எதை வாங்கினாலும், கோண்டாவிலில் உள்ள பிரேமினி வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாம். அங்கே சேரும் பொதிகளை வாரம் இரண்டு தரம் சுமித்திரா பேருந்தில் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோவாள். படகில் வேலை செய்யும் றொஜன் என்ற இளைஞன் அவற்றை ஏற்றி நெடுந்தீவு இறங்குதுறையில் இறக்கிவிடுவான். போனில் தகவல் போகும். உரியவர்கள் இறங்குதுறைக்கு வந்து எடுத்துப் போவார்கள். கூலி பொதியின் பாரத்தைப் பொறுத்தது.

சசிகரன் போட்ட நிபந்தனைதான் சிக்கலாக இருந்தது. நெடுந்தீவில் சுமித்திராவுக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவரைத் தேடிப் பிடிக்க ஒரு கிழமை எடுத்தது. யாரைக் கேட்டாலும் இரண்டாவது பேச்சில் ஏதோ ஒரு உறவுமுறை வந்துவிடும். கடைசியில் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு தாதி முதல் வாடிக்கையாளர் ஆனார். ஒரு மழைக்கோட்டு எடுப்பித்தார். அந்த முதற் பொதியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கூலியைச் சொல்லும்போது சுமித்திரா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். தாதி ஒன்றும் யோசிக்காமல் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை ஒரு வாளியும் மின்விசிறியும் வரும் என்றார்.

நான்கு மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொதிகள் போயின. வகுப்பில் அவர்களுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று அந்த வருடம் நடந்த தொழில் யோசனைப் போட்டிக்கும் சசிகரன் அவர்களை அனுப்பினார். நடுவர்களாக மூன்று தொழிலதிபர்கள் வந்திருந்தார்கள். பிரேமினி படங்கள் காட்டிப் பேசினாள். கேள்விகளுக்குச் சுமித்திரா பதில் சொன்னாள்.

"நெடுந்தீவில எத்தினை சனம் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"நாலாயிரம் வரும், சேர்."

"அஞ்சு வருசத்தில உங்கட தொழில் எப்பிடி வளரும்?"

"சனம் கூடாது, சேர். குறைஞ்சுகொண்டுதான் போகுது."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். இன்னொரு நடுவர், கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"பொதி போகாது. போகாதெண்டு முதலே போன் எடுத்துச் சொல்லுவம்."

முதற் பரிசு ஒரு கைபேசிச் செயலி யோசனைக்குப் போனது. அந்தச் செயலி பிறகு செய்யப்படவில்லை என்பது வேறு கதை. மண்டபத்துக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது சசிகரன் சுமித்திராவிடம், "நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அங்க சொல்லுற பதில் அது இல்லை," என்றார்.

"அப்ப என்ன சொல்லியிருக்க வேணும், சேர்?"

"எனக்கும் தெரியாது. நான் ஒரு நாளும் ஒரு கடை வைச்சுப் பார்த்ததில்லை," என்றார்.

பட்டம் கிடைத்த சில மாதங்களில் பிரேமினிக்குக் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. அவள் போகும்போது, இதை விட்டுவிடச் சொல்லி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொடரச் சொல்லியும் சொல்லவில்லை. சுமித்திரா யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து, விலாசத்தை அங்கே மாற்றினாள். அரச வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அது வரும் வரைக்கும் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். தனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அந்த வருட மார்கழியில் ஒரு பிழை நடந்தது. நெடுந்தீவில் பிரியதர்சினி என்ற பெண் பாடசாலைச் சீருடை தைப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கும். பழைய மெசின் உடைந்துவிட்டதால், மோட்டர் பூட்டிய புதுத் தையல் மெசின் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். தை மாதம் பாடசாலை தொடங்குமுன் நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும். மெசின் யாழ்ப்பாண அறைக்கு வந்து சேர்ந்தபோது நான்கு நாளாகப் படகு ஓடவில்லை. ஐந்தாம் நாள் ஓடியது. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. குறிகட்டுவானில் நின்று கடலைப் பார்த்த சுமித்திராவுக்கு மெசினை இன்று அனுப்பக் கூடாது என்று பட்டது. ஆனால் ஒரு கிழமைப் பொதிகள் குவிந்து கிடந்தன. எல்லாரும் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி ஏற்றிவிட்டாள். அவள் கூடப் போகவில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் அன்று வேறு பொதிகள் வர இருந்தன.

படகுக்குள் சனம் நெருக்கம். பெட்டி வெளியே கிடந்தது. நடுக்கடலில் இரண்டு அலை மேலால் வந்து விழுந்தது. இறங்குதுறையில் பிரியதர்சினி மட்டைப்பெட்டியைத் தூக்கியபோது அடி கழன்று உப்புத் தண்ணீரும் மெசினும் சேர்ந்து இறங்கின. அவர் அங்கேயே நின்று போன் எடுத்தார்.

"நீர் கூட வந்தனீரோ?"

"இல்லை, அக்கா. நான் பட்டணத்தில நிக்கிறன்."

"உம்மட மெசின் எண்டால் தனிய விட்டிருப்பீரோ?"

பிரியதர்சினி போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் முதற்படகில் சுமித்திரா நெடுந்தீவுக்குப் போனாள். மெசினைத் திரும்பக் கொண்டுவந்து திருத்துபவரிடம் காட்டியபோது, மோட்டர் போய்விட்டது, புதிது எடுத்துப் பூட்டினால் ஓடும், இரண்டு கிழமை செல்லும் என்றார். செலவு தன்னுடையது என்று சுமித்திரா ஒப்புக்கொண்டாள். ஆனால் இரண்டு கிழமையில் பாடசாலை தொடங்கிவிடும். அவள் மீண்டும் ஊருக்குப் போய், வீடு வீடாகக் கேட்டு, தம்பு என்ற பெரியவர் வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போனபின் பாவிக்காமல் கிடந்த கால்மெசின் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, பிரியதர்சினி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

பிரியதர்சினி மெசினுக்கு எண்ணெய் விட்டு மிதித்துப் பார்த்தார். ஓடியது. "தைக்கத் தெரியுமோ உமக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது. பொத்தான் பிடிப்பன்."

"அப்ப இரும்."

ஐந்து நாள் அவள் அங்கே பொத்தான் பிடித்தாள், மடிப்புக்கு நூலோட்டினாள். முதல் இரண்டு நாளும் பிரியதர்சினி வேலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்கத் தொடங்கினார். எத்தனை பொதி வருகிறது, யார் கட்டுவது, கடல் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்பது. சுமித்திரா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"றொஜன் படகைப் பார்ப்பானோ, உம்மட பெட்டியைப் பார்ப்பானோ?" என்றார் பிரியதர்சினி. "அவனில பிழை இல்லை. அது அவன்ர வேலை இல்லை."

"விளங்குது."

"இஞ்ச சனம் இறங்குதுறையில வந்து மணித்தியாலக் கணக்காய் நிக்குதுகள். மாடு கட்ட நேரமாச்சு எண்டு சிலர் எடுக்காமலே போகினம். ஒரு ஆள் நிண்டு பெயரைக் கேட்டு ஒழுங்காய்க் குடுத்தால் என்ன?"

"ஆள் பிடிக்க ஏலாது, அக்கா. சம்பளம் குடுக்கிற அளவுக்கு வரும்படி இல்லை."

பிரியதர்சினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் சம்பளம் கேட்கேல்லை. நெடுந்தீவுப் பக்கத்தை நான் பார்க்கிறன். பங்குக்கு."

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவர் பிரியதர்சினி. முயற்சியாண்மை என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. சுமித்திரா அன்று பின்னேரம் வரை யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

அதன்பிறகு வேலையின் முறை மாறியது. விடிந்ததும் பிரியதர்சினி கடலைப் பார்த்துவிட்டுப் போன் எடுப்பார். பாரமானதை அனுப்பலாம், அனுப்பக் கூடாது என்று சொல்வார். அவர் சொன்னால் சுமித்திரா மறுபேச்சுப் பேசுவதில்லை. மட்டைப்பெட்டிகள் எல்லாம் வாய் இறுக்கி மூடும் நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாய்களுக்குள், அதாவது பரல்களுக்குள், போயின. இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு கொட்டிலில் பொதிகள் பெயர்ப்படி அடுக்கப்பட்டன. வசதியான நேரத்தில் வந்து எடுக்கலாம். மாசி மாதமளவில் நெடுந்தீவிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கும் பொதிகள் போகத் தொடங்கின. கருவாடு, நெய், பனங்கிழங்கு ஒடியல், மகளின் பிரசவத்துக்கென்று கொழும்புக்கு ஒரு தாய் அனுப்பிய சரக்குத்தூள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வெறும் பரல் திரும்பிப் போவதைப் பார்த்த சனம், இதுக்குள்ள ஒண்டு வைச்சு விடட்டோ என்று கேட்டது.

சித்திரையில் அரச நியமனம் வந்தது. வவுனியாவில் ஒரு கந்தோர், அபிவிருத்தி உத்தியோகத்தர். குழந்தைவேலு கடிதத்தைத் தானே வாசித்துவிட்டு, மனைவியையும் வாசிக்கச் சொன்னார். அடுத்த வெள்ளி கோயிலில் பொங்கினார். சுமித்திரா போக மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்கே அந்தக் கடிதம் பெரிய ஆறுதலாக இருந்தது. பட்டணத்து அறையைப் பார்க்க ஒரு பெண்ணை ஒழுங்கு செய்துவிட்டு, பிரியதர்சினியிடம் போய்ச் சொன்னாள்.

"போம்," என்றார் பிரியதர்சினி. "ஆனால் சனம் உமக்குத்தான் போன் எடுக்கும்."

அப்படித்தான் நடந்தது. வவுனியாவில் ஒரு மேசைக்கு மூன்று உத்தியோகத்தர்கள். கதிரைகள் இரண்டு. காலையில் ஒரு கடிதத்துக்கு இலக்கம் போட்டால், அன்றைய வேலை முடிந்துவிடும். போன் மட்டும் நிற்காமல் அடித்தது. என் மகளின் கண்ணாடி வந்துவிட்டதா, பம்பின் வால்வு எந்த நாள் வரும், பிழையான அளவுச் சப்பாத்தைத் திருப்பி அனுப்ப ஏலுமா. சுமித்திரா எழும்பி விறாந்தைக்குப் போய்ப் பதில் சொல்வாள். ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு, கடுமையில்லாமல், "பிள்ளை, இது கந்தோர். ரெண்டில ஒண்டை வீட்டில விட்டிட்டு வாரும்," என்றார்.

ஆறு கிழமை கழித்து அவள் விலகல் கடிதம் கொடுத்தாள். அதைக் கொடுத்த அன்று அவளுக்குத் துணிவாக ஒன்றும் இருக்கவில்லை.

தகப்பனிடம் நேரில் சொன்னாள். குழந்தைவேலு பட்டியில் கன்றுகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விட்டிட்டியோ?"

"ஓம், அப்பா."

"கம்பஸுக்கு விட்டது பரல் உருட்டவோ?"

"கம்பஸிலதான் இதைத் தொடங்கினனான்."

"தொடங்கினது புள்ளிக்கு. முடிஞ்சுது எல்லோ."

"முடியேல்லை, அப்பா. இண்டைக்கும் இருபத்தேழு பொதி வந்து கிடக்கு."

அவர் கயிற்றை முடிந்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார். அதன்பின் யாராவது அவரிடம் மகளைப் பற்றி விசாரித்தால், "லீவில நிக்கிறா," என்று சொன்னார். ஒரு வருடம் வரை அப்படித்தான் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் விசயம் தெரியும். ஒருவரும் அவரைத் திருத்தவில்லை.

போன வருடம் சசிகரன் சுமித்திராவைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார். புதிய மாணவர்களுக்கு முயற்சியாண்மையில் ஆர்வம் உண்டாக்க ஒரு நிகழ்வு. பிரியதர்சினியையும் கூட்டிக்கொண்டு போனாள். இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் மேடையில் இருக்கப் பிரியதர்சினி மறுத்துவிட்டார், முன்வரிசையில் இருந்துகொண்டார். சுமித்திரா பத்து நிமிடம்தான் பேசினாள். மெசின் நனைந்ததைச் சொன்னாள். போட்டியில் தோற்றதையும் சொன்னாள். கதையை அழகுபடுத்த அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மாணவி எழும்பி, அரச வேலையை விட்டதற்குக் கவலை இல்லையா என்று கேட்டாள்.

"இருக்கு," என்றாள் சுமித்திரா. "சோளகக் காத்து தொடங்கிப் படகு நிண்டால் அந்த நாள் முழுக்க இருக்கும். படகு ஓடினால் மறந்திடுவன்."

"அப்ப எங்களைச் செய்யச் சொல்லுறீங்களோ, வேண்டாம் எண்டுறீங்களோ?"

பிரியதர்சினி இருந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்து, "பிள்ளை, நீர் இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்டார்.

"படிக்கிறன்."

"படிச்சுக்கொண்டு செய்து பாரும். சரிவராட்டில் வீட்டில சாப்பாடு கிடைக்கும். என்ர வயசில சரிவராட்டில் அது கிடையாது."

மண்டபம் சிரித்தது. பிரியதர்சினி சிரிக்கவில்லை.

நிகழ்வு முடிந்ததும் பிரதாபன் என்ற மாணவன் வந்தான். எழுவைதீவுக்காரன், இரண்டாம் வருடம். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு போகிறது. அங்கும் பொதி கொண்டுபோக ஆள் இல்லை. அதைத் தான் செய்யலாமா என்று கேட்டான். சுமித்திரா அதற்கு முன்பே அந்தப் பக்கத்தை எடுப்பதற்கு யோசித்து வைத்திருந்தாள். ஒரு நண்பனோடு சேர்ந்து அவன் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்திருந்தான்: கிழமைக்கு எத்தனை வீட்டுக்குப் பொதி வரும், யார் யார் வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர்கள், படகு எத்தனை மணிக்கு.

"எங்களோட சேர்ந்து செய்யப் போறீரோ, தனியவோ?" என்று கேட்டாள்.

"தனிய, அக்கா. உங்கட அறையில மட்டும் பொதியை இறக்க விடுங்கோ. அதுக்கு வாடகை தாறம்."

சுமித்திரா சம்மதித்தாள். திரும்பும் வழியில் பேருந்தில் பிரியதர்சினி, "விட்டுக் குடுத்திட்டீர்," என்றார். அது குறையா பாராட்டா என்று சுமித்திராவுக்கு விளங்கவில்லை. அந்தத் தீவுகளின் கடல் தனக்குத் தெரியாது, தெரிந்த ஒருவன் செய்வது நல்லது என்று மட்டும் சொன்னாள். பேருந்து மண்கும்பானுக்கு வரும்போது பிரியதர்சினி நித்திரையாகிவிட்டார்.

இந்த வருடம் பங்குனியில் பிரதாபனின் முதற் பொதி ஊர்காவற்றுறையிலிருந்து போனது. ஒரேயொரு பொதி, எழுவைதீவில் ஒரு பாடசாலை அதிபர் எடுப்பித்த சுவர் மணிக்கூடு. சுமித்திரா அன்று தன் மோட்டார் சைக்கிளில் அங்கே போயிருந்தாள். பிரதாபன் படகில் ஏறி, மணிக்கூட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். படகு கிளம்பும் வரை இருவரும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். அது போனதும் அவள் வண்டியைத் திருப்பி வேலணைப் பாதையால் குறிகட்டுவானுக்குப் போனாள். பின்னேரப் படகுக்கு ஒன்பது பரல் ஏற்ற வேண்டியிருந்தது.